முயல் குடலில் பிடிபட்ட விஷம்!

உங்கள் வீட்டு மருந்து டப்பாவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். தலைவலி மாத்திரை, தைல பாட்டில், காய்ச்சல் சிரப், பாதி தீர்ந்த ஆயின்ட்மென்ட்... இவற்றுக்கு நடுவே எங்காவது ஓர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடக்கும். கிடக்க வேண்டும்! ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்குத் தண்ணீர் தண்ணீராகப் போக ஆரம்பித்தால் முதலில் கை தேடுவது அதைத்தானே?

ஆனால் அதைக் கையில் எடுக்கும்போது நம்மில் பல பேருக்கு முழு நம்பிக்கை இருப்பதில்லை. ‘என்ன இது, உப்பும் சர்க்கரையும்தானே! நிற்கிறதுக்கு ஏதாவது மாத்திரை கொடுத்தால் தேவலை’ என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லும். பக்கத்து வீட்டு மாமியும் அதையேதான் சொல்வார். டாக்டரிடம் போனாலும், “டிரிப்ஸ் ஏற்றிடுங்களேன் டாக்டர், சீக்கிரம் சரியாயிடும்” என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் எப்படி ஓர் உயிரைக் காப்பாற்றும்? அது புரிய வேண்டுமானால் பேதி என்றால் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பேதிகளிலேயே மகா பயங்கரமானது காலரா. அந்தக் காலரா எப்படி ஆளைக் கொல்கிறது என்பதை முதன்முதலில் சரியாகப் பிடித்தவர் நம் நாட்டு டாக்டர் ஒருவர். கல்கத்தாக்காரர். பெயர் சம்பு நாத் டே.

கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். அவர் உயிரோடு இருந்தவரை கல்கத்தாவிலேயே அவரைத் தெரிந்தவர்கள் குறைவுதான். அந்த வருத்தமான கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓ.ஆர்.எஸ்-ஸைக் கண்டுபிடித்தவர் இவர் இல்லை. அது வேறு பல பேர் சேர்ந்து இழுத்த தேர். ஆனால், அந்தக் கரைசல் ஏன் வேலை செய்கிறது என்பதற்கான அடிப்படை விஷயம் இவர் கையில்தான் முதலில் சிக்கியது.

காலையில் நன்றாக இருந்தவர்...

பாட்டி தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள். ‘வாந்திபேதி’ என்று வாய்விட்டுச் சொல்லவே பயப்படுவார்கள். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவர் ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். கொஞ்சமும் மிகையில்லை. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூடத் தண்ணீர் வெளியேறும். அரிசி கழுவிய தண்ணீர் இருக்கிறதே, கழனித் தண்ணீர், அந்த நிறத்தில். ரத்தம் இருக்காது, சீழ் இருக்காது, பெரும்பாலும் காய்ச்சல்கூட இருக்காது. வெறும் தண்ணீர்! கண் குழி விழுந்துவிடும். குரல் போய்விடும். விரல் தோல் எல்லாம் நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரிச் சுருங்கிப் போய்விடும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் கடுமையாக நோய் கண்டவர்களில் பாதிப் பேர் பிழைப்பது சந்தேகம்.

1817-லிருந்து இந்த நோய் ஆறு முறை உலகத்தை வலம் வந்தது. கிளம்பிய இடம் வங்காளத்து ஆற்றுப் படுகை. ஏழாவது சுற்று 1961-ல் இந்தோனேஷியாவில் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை.

1883 டிசம்பரில் ஜெர்மனியின் ராபர்ட் காக் எகிப்திலிருந்து கல்கத்தா வந்து சேர்ந்தார். காலராவில் இறந்தவர்களின் குடலில் ‘கமா’ வடிவத்தில் வளைந்த ஒரு கிருமியைக் கண்டார். ஜனங்கள் குளித்து, துவைத்து, குடித்த குளத்துத் தண்ணீரிலும் அதே கிருமி. கிருமி பிடிபட்டுவிட்டது! அது ஏதோ விஷத்தைக் கக்குகிறது, அந்த விஷம்தான் கொல்கிறது என்றும் காக் 1884-லேயே சொன்னார்.

சரி, விஷம் எங்கே?

இங்கேதான் விஞ்ஞானம் வழி தவறியது. காக்கின் சிஷ்யர் ரிச்சர்ட் ஃபைஃபர் 1892-ல் ஒரு கொள்கை சொன்னார். விஷம் கிருமியின் உடம்பிலேயே ஓர் அங்கம், கிருமி செத்து உடையும்போதுதான் அது வெளியே வருகிறது என்று. சில கிருமிகளுக்கு இது சரி. டைபாய்டு போன்றவற்றில் அப்படி ஒரு பொருள் இருப்பது உண்மை. ஆனால் காலராவில் ஆளைக் கொல்லும் விஷம் அதுவல்ல. பெரியவர் சொல்லிவிட்டார், அப்புறம் யார் மறுத்துப் பேசுவது? எல்லோரும் கிருமியை அரைத்து எலிக்கும் முயலுக்கும் ரத்தத்தில் ஏற்றினார்கள், வயிற்றுக்குள் குத்தினார்கள். பிராணிகள் செத்தன. ஆனால் ஒன்றுக்கும் பேதி வரவில்லை! பேதியே வராத காலராவா? அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இப்படியே வருஷங்கள் ஓடின. பத்து, இருபது இல்லை... எழுபத்தைந்து வருஷம்.

மூளையில் தண்ணீர், நுரையீரலில் தண்ணீர்

சம்பு நாத் டே பிறந்தது 1915 பிப்ரவரி 1-ம் தேதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில். அப்பாவுக்குச் சின்ன வியாபாரம். வசதியான குடும்பம் இல்லை. படிப்பில் கெட்டிக்காரர் என்பதால் ஸ்காலர்ஷிப்பிலேயே மேலே வந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். பேஷன்ட் பார்த்துச் சம்பாதிப்பதைவிட நோயின் காரணத்தைத் தேடும் பேதாலஜி பக்கம் மனசு போனது.

1947-ல் லண்டன் போனார். யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் கேமரூனிடம் ஆராய்ச்சி. அவர் அங்கே காலராவைத் தொடவே இல்லை. மூளைக்குள் தண்ணீர் சேர்ந்து தலை வீங்குமே, அதைப் பற்றியும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைப் பற்றியும்தான் வேலை செய்தார். 1949-ல் பிஎச்.டி. வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

கவனியுங்கள்... மூளையில் தண்ணீர், நுரையீரலில் தண்ணீர். இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் ஏன் வந்து சேருகிறது என்று இரண்டு வருஷம் யோசித்த மனுஷர். அப்படிப்பட்டவர் கல்கத்தாவின் காலரா நோயாளிகளைப் பார்க்கிறார். கிருமி நிபுணர்கள் கண்ணுக்குக் கிருமி தெரிந்தது. இவர் கண்ணுக்குத் தண்ணீர் தெரிந்தது. என் சொந்த அபிப்பிராயம் இது. ஆனால் அவர் அடுத்துச் செய்ததைப் பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

காலராவில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை அவர் ஆராய்ந்தார். கெட்டுப் போயிருந்தன. ஆனால் விஷம் தாக்கியா கெட்டன? உடம்பில் தண்ணீர் வற்றி, ரத்த ஓட்டம் குறைந்து போனாலும் சிறுநீரகம் இப்படித்தானே கெடும்? அப்படியானால் விஷம் ரத்தத்தில் சுற்றவே வேண்டாம். எல்லாக் கூத்தும் குடலுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடலாம். குடலில் எங்கேயோ ஒரு குழாய் திறந்துகொள்கிறது, மற்றதெல்லாம் அதன் விளைவு!

ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு

சந்தேகம் வந்தால் போதுமா? நிரூபிக்க வேண்டுமே. டே செய்த பரிசோதனை அவ்வளவு எளிமையானது, கேட்டால் ‘இவ்வளவுதானா?’ என்பீர்கள்.

பட்டினி போட்ட ஒரு முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தார். சிறுகுடலில் ஒரு சாண் அளவுக்கும் குறைவான துண்டை, வெட்டாமல், ரத்த ஓட்டம் கெடாமல், இரண்டு பக்கமும் நூலால் முடிச்சுப் போட்டார். முருங்கைக்காய்க் கட்டைக் கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நடுவில் மாட்டிக்கொண்ட அந்தத் துண்டுக்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைக் கொஞ்சம் ஊசியால் செலுத்தினார். வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்து பார்த்தால்... அந்தத் துண்டு மட்டும் பலூன் மாதிரி உப்பியிருந்தது. உள்ளே கழனித் தண்ணீர்! பக்கத்திலேயே கிருமி போடாமல் கட்டிய துண்டு தட்டையாக அப்படியே கிடந்தது.

எழுபது வருஷமாக ஒரு பிராணிக்கும் வராத பேதி, முயலின் குடலில் ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. கிருமி குடல் சுவரின் கசியும் தன்மையை மாற்றுகிறது என்று எழுதி, டி.என்.சாட்டர்ஜி என்ற சகாவோடு சேர்ந்து 1953-ல் வெளியிட்டார் டே.

ஒரு விசித்திரம் சொல்லட்டுமா? இதே மாதிரி முயல் குடலைக் கட்டிப் பார்க்கும் சோதனையை 1915-லேயே வியோல், கிரெண்டிரோபூலோ என்று இரண்டு பேர் செய்திருந்தார்கள். டே பிறந்த அதே வருஷம்! உலகம் அதைக் கவனிக்காமல் மறந்துவிட்டது. டே தானாகவேதான் மறுபடி அந்த வழிக்கு வந்து சேர்ந்தார்.

1956-ல் இன்னொரு முக்கியமான விஷயம். ‘இ-கோலை’ என்று ஒரு கிருமி நம் எல்லோர் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கிறது. பேதி கண்டவர்களிடமிருந்து எடுத்த சில இ-கோலை வகைகளை இதே முடிச்சுக்குள் விட்டுப் பார்த்தார். அவையும் குடலை உப்ப வைத்தன! புது ஊருக்குப் போய் வாய்க்கு ருசியாக எதையோ சாப்பிட்டு, இரண்டாம் நாள் பாத்ரூமே கதி என்று கிடந்திருக்கிறீர்களா? அதற்கு அடிக்கடி காரணமாகிற கிருமிக் கூட்டத்தின் பக்கம் கை காட்டிய ஆரம்ப கால ஆராய்ச்சி அதுதான்.

கிருமி இல்லாத விஷம்

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. தண்ணீரை இழுப்பது கிருமியா, கிருமி கக்கும் பொருளா? டே கிருமியை ஒரு திரவத்தில் வளர்த்தார். பிறகு கிருமிகளையெல்லாம் வடிகட்டி நீக்கினார். ஒரு கிருமிகூட இல்லாத தெளிவான அந்த வடிநீரை முயலின் குடல் முடிச்சுக்குள் செலுத்தினார். குடல் உப்பியது!

அவ்வளவுதான். விஷம் கிருமியின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் இல்லை. உயிரோடு இருக்கும்போதே கிருமி அதைத் தயாரித்து வெளியே விடுகிறது. காக் சொன்னது சரி, ஃபைஃபர் சொன்னது தப்பு. 1959 மே மாதம் ‘நேச்சர்’ பத்திரிகையில் இது வெளிவந்தது. இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிற கட்டுரை. அதே 1959-ல் பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்டில் என்.கே.தத்தாவும் அவர் குழுவினரும் முயல் குட்டிகளில் செய்த சோதனையில் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தார்கள். அவர்களையும் மறக்கக் கூடாது.

விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது அமெரிக்காவின் ஃபிங்கல்ஸ்டீன் குழு, 1969-ல். டே-யும் அதற்கு முயன்று பார்த்தார். தேவையான கருவிகள் அவர் லேபில் இல்லை.

உடைந்த குழாயும், உடையாத கதவும்

இப்போது நம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு வருவோம்.

அந்த விஷம் என்ன செய்கிறது தெரியுமா? அதற்கு ஆறு பாகம். ஐந்து பாகம் குடல் சுவரின் செல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆறாவது பாகம் செல்லுக்குள்ளே நுழையும். நுழைந்து, உப்பை வெளியேற்றும் ஒரு குழாயைத் திறந்து, மூட முடியாதபடி திருகை உடைத்துவிடும். உப்பு வெளியே கொட்டும். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். ஊறுகாய் போடும்போது உப்பைத் தூவிய மாங்காய் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அந்த மாதிரி.

ஆனால் ஒரு நல்ல சேதி! குடலில் புண் கிடையாது. காலராவில் குடலின் உள்தோல் உரிந்து விழுந்துவிடுகிறது என்றுதான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1960-ல் பாங்காக்கில் உயிரோடு இருக்கும் நோயாளிகளின் குடலிலிருந்து துளியூண்டு சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உள்தோல் முழுசாக இருந்தது. குழாய்தான் திறந்து கிடக்கிறது, சுவர் இடியவில்லை!

சுவர் இடியவில்லை என்றால் அந்தச் சுவரில் இருக்கும் மற்ற கதவுகளும் வேலை செய்யும் அல்லவா? அதில் ஒரு கதவு ரொம்ப விசேஷமானது. உப்பில் உள்ள சோடியமும் குளூக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். தனித்தனியாக வந்தால் திறக்காது. ஜோடி உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும். காலரா விஷம் இந்தக் கதவைத் தொடுவதே இல்லை!

புரிகிறதா? வெறும் தண்ணீர் கொடுத்தால் வந்த வழியே போய்விடும். வெறும் உப்புத் தண்ணீரும் அப்படியே. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்தால், ஒரு பக்கம் குழாய் கொட்டிக்கொண்டிருந்தாலும் இன்னொரு பக்கம் கதவு வழியாகத் தண்ணீர் உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு, மூன்று நாளில் குடல் பழைய செல்களை உதிர்த்துப் புதுசு போட்டுக்கொள்ளும். குழாய் தானாக அடைபடும். அதுவரை ஆளை வற்றவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

‘ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் பேதி நிற்கவில்லையே’ என்று நிறையத் தாய்மார்கள் புலம்புகிறார்கள். அம்மா, அது பேதியை நிறுத்தும் மருந்து இல்லை! போகிற தண்ணீரை ஈடு கட்டும் மருந்து. பேதி போய்க்கொண்டிருக்கும்போதே குழந்தை தெம்பாக, கண் பளிச்சென்று இருக்கிறதா, சிறுநீர் போகிறதா... மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

1968-ல் டாக்காவில் நாலின், கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் காலரா நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள். 1971-ல் வங்கதேசப் போர். அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா. கல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹாலனாபிஸிடம் டிரிப்ஸ் பாட்டில்கள் தீரும் நிலை. துணிந்து உப்பு, குளூக்கோஸ், சோடா உப்பு கலந்த கரைசலை டிரம்களில் கலந்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னார். அம்மா பிள்ளைக்கு, அண்ணன் தம்பிக்கு. முன்பு நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, இந்தக் கரைசல் குடித்தவர்களிடம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. மருந்தைக் கொடுத்தவர்கள் நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. நம்மைப் போன்ற வீட்டு மனிதர்கள்!

ஊசி ஏன் தோற்றது?

அந்தக் காலத்தில் திருவிழாவுக்குப் போகிறவர்களைப் பிடித்து வைத்துக் காலரா ஊசி போடுவார்கள். கை வீங்கி, ஜுரம் வந்து... பெரியவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அவ்வளவு கஷ்டப்பட்டும் பாதுகாப்பு அரைகுறைதான், அதுவும் சில மாதங்களுக்கு. 1973-ல் உலக சுகாதார சபை, ‘வெளிநாட்டுப் பயணத்துக்குக் காலரா ஊசி சர்ட்டிஃபிகேட் வேண்டாம்’ என்று விதியைத் தளர்த்திவிட்டது.

ஏன் தோற்றது? கையில் குத்தும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். காலராக் கிருமியோ ரத்தத்துக்குள் வருவதே இல்லை! குடலின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே விஷத்தைக் கக்கிவிட்டுப் போய்விடும். வாசலில் திருடன் நிற்கும்போது மாடியில் காவல் போட்ட கதை. குடலின் உள்பரப்பில் காவல் வேண்டுமானால் தடுப்பு மருந்தையும் குடலுக்கே அனுப்ப வேண்டும். இந்த யோசனையில் வந்ததுதான் வாய் வழிச் சொட்டு மருந்து. ஸ்வீடனில் யான் ஹோம்கிரென் குழு, கொன்ற கிருமிகளோடு அந்த விஷத்தின் தீங்கில்லாத ஐந்து பாகத்தையும் சேர்த்தே ஒரு மருந்து தயாரித்தது. 1985-ல் வங்கதேசத்தில் அதைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு விலை குறைந்த இன்னொரு வகையை 2006-ல் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் சுமார் 67 ஆயிரம் பேரை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து வருஷம் கழித்தும் நூற்றுக்கு 65 அளவுக்குப் பாதுகாப்பு இருந்தது.

தோண்டி எடுக்கப்பட்டவர்

இப்போது அந்த வருத்தமான கதை.

1959-க்குப் பிறகு டே-க்கு மாலை மரியாதை நடந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? ஒன்றும் நடக்கவில்லை. வெளிநாட்டு விஞ்ஞானிகள் சில வருஷம் கழித்துத்தான் அவர் கட்டுரையைக் கவனித்தார்கள். கவனித்த பிறகு உலகமெங்கும் லேபுகளில் முயல் குடல் முடிச்சு வழக்கமான சோதனை ஆயிற்று. பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தோடும் கருவிகளோடும் காலரா ஆராய்ச்சியில் இறங்கின. டே மெல்ல அந்த ஓட்டத்திலிருந்து பின்னுக்குப் போய்விட்டார். 1961-ல் காலரா பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1973-ல் ரிடையர் ஆனார்.

நம் நாட்டின் விஞ்ஞான அகாடமிகள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய தேசிய விருது ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே பேசித் தன்னை முன்னிறுத்திக்கொள்ளும் சுபாவமும் அவருக்கு இல்லை என்கிறார்கள். அதற்காக? நம் ஆட்கள் நம் ஊரில் செய்த வேலையை வெளிநாட்டுக்காரர் வந்து சொன்னால்தான் நம்புவோம் என்றிருப்பதை எதில் சேர்ப்பது?

1978-ல் அந்த வெளிநாட்டுக்காரர்களே கூப்பிட்டார்கள். காலரா பற்றி ஸ்டாக்ஹோமில் நோபல் கமிட்டி நடத்திய கருத்தரங்கு. அறுபத்து மூன்று வயசில் டே அங்கே போனார். 1960-களின் ஆரம்பத்திலேயே தான் செத்துவிட்டதாகவும், இந்தக் கருத்தரங்குக்காரர்கள்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்றும், இந்த இரண்டு நாளில் மறுபடி உயிர் வருவது போல் இருக்கிறது என்றும் அங்கே பேசினார். அதே 1978-ல்தான் லண்டனின் ‘லான்செட்’ பத்திரிகை, உப்பு-சர்க்கரைக் கரைசலின் ரகசியத்தை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று தலையங்கம் எழுதியது.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், டே-யின் பெயரை நோபல் பரிசுக்கு ஒரு தடவைக்கு மேல் சிபாரிசு செய்தார். கிடைக்கவில்லை. 1985 ஏப்ரல் 15-ம் தேதி டே காலமானார். பெங்களூரிலிருந்து வரும் ‘கரண்ட் சயின்ஸ்’ பத்திரிகை அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது 1990-ல். மஹாலனாபிஸுக்கும் அப்படித்தான், 2022 அக்டோபரில் காலமான பிறகு, 2023-ல் பத்மவிபூஷண்.

கலக்கும்போது கவனிக்க!

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 20.5 கிராம் பாக்கெட் என்றால் ஒரு லிட்டருக்கு. அதை டம்ளர் டம்ளராகப் பிரித்துப் பிரித்துக் கலக்காதீர்கள், அளவு தப்பிவிடும். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கீழே ஊற்றிவிடுங்கள். குழந்தை குடிக்க மாட்டேன் என்கிறதே என்று இன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடும் வேலை வேண்டாம். சர்க்கரை அதிகமானால் அதுவே குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்களும், சோடா கலர்களும் இதனால்தான் கூடாது.

பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் டீஸ்பூனால் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை ஸ்பூன் உப்பு. பாக்கெட் கிடைக்கும் வரை இது தாங்கும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான். அரிசி மாவுச் சத்து குடலில் குளூக்கோஸாக மாறி அதே கதவைத் திறக்கும்.

இரண்டு வயசுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு தடவை பேதியானதும் 50-லிருந்து 100 மில்லி, இரண்டிலிருந்து பத்து வயசு வரை 100-லிருந்து 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்க முடிந்த மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குத் தராதீர்கள். டாக்டர் துத்தநாக மருந்து எழுதிக் கொடுத்தால், பேதி நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

கண் குழி விழுந்து, கிள்ளிவிட்ட தோல் உடனே சமமாகாமல் மடிந்தே நின்றாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, ரத்தம் கலந்து போனாலோ, குடிக்கக்கூட முடியாமல் துவண்டு கிடந்தாலோ, கழனித் தண்ணீர் மாதிரி நிற்காமல் போனாலோ டம்ளரோடு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே.